கீழே இருக்கும் வெயில்

மார்ச் கடைசி. குன்னூர் மவுண்ட் ரோட்டில்
கடை வாசல்வரை வந்து நிற்கிறது மூடுபனி,
உள்ளே வரலாமா என்று கேட்பதுபோல.
ஸ்வெட்டர் கைகளை விரல்வரை இழுத்துக்கொண்டு
வெயிலுக்கு ஒரு ரைடிங் பேண்ட் வேண்டும் என்கிறேன்.

செல்வின் என்னைப் பார்க்கிறான். வெளியே பார்க்கிறான்.
"வெயிலுக்கா அக்கா?"
வெயிலுக்குத்தான்.

தினமும் இறங்குகிறேன். டாங்க் பையில்
பதினொரு பேருடைய பல் அச்சு.
பகல் பன்னிரண்டுக்குள் மேட்டுப்பாளையம் லேபில் இருக்க வேண்டும்.
காட்டேரியில் விரல் விறைக்கும்.
பர்லியாற்றில் பலா வாசனையோடு காற்று மாறும்.
கல்லாறு பாக்குத்தோப்பு தாண்டியதும்
யாரோ இட்லிக் கொப்பரையின் மூடியைத் திறப்பார்கள்,
முகத்துக்கு நேராக.

முதலில் காட்டியது கறுப்பு, கனம்,
உள்ளே மழைக்கு ஓர் உறை, அதற்குள் குளிருக்கு ஓர் உறை.
"எல்லா சீசனுக்கும்கா."
மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.
அடுத்தது ஜீன்ஸ் மாதிரி. உள்ளே மஞ்சள் நார்த்துணி,
சறுக்கினாலும் கிழியாதாம்.
கையை விட்டுப் பார்த்தேன்: அடுப்படிப் பிடிதுணி.
மூன்றாவது, தொடையெல்லாம் வலை.
முட்டியிலும் உட்காரும் இடத்திலும் மட்டும் தடித்த துணி.
வாயில் வைத்து ஊதினேன்.
மறுபக்கம் கையை வைத்திருந்த செல்வின்
"படுது" என்றான்.

ஆனால் இந்தக் குளிரில்
எதைப் போட்டாலும் இதமாகத்தான் இருக்கிறது.
கம்பளிகூட நியாயம் பேசுகிறது.
கண்ணை மூடி வெயிலை வரவழைக்க வேண்டியிருக்கிறது:
பஸ் ஸ்டாண்ட் முன்னால் லாரிக்குப் பின்னால் எட்டு நிமிடம்,
வலது கெண்டைக்காலில் எஞ்சின் விடும் மூச்சு,
முட்டி மடிப்பிலிருந்து புறப்பட்ட ஒரு சொட்டு
ஷூவுக்குள் போய்ச் சேரும் நேரம்.
வண்டி நின்றுவிட்டால் வலையும் ஒன்றுதான், சாக்கும் ஒன்றுதான்.
அது எனக்குத் தெரியும்.
செல்வின் அதைச் சொல்லவில்லை.

போன வருஷம் மெல்லிய பருத்தி பேண்ட்டில்தான் இறங்கினேன்.
காற்றோட்டம் பிரமாதம்.
ஒன்பதாம் கொண்டை ஊசியில் யாரோ டீசல் சிந்தியிருந்தார்கள்.
நிர்மல்ராஜ் டாக்டர், பல் டாக்டர்தான்,
அவருடைய நாற்காலியிலேயே என்னைச் சாய்த்து
முட்டியிலிருந்து ஜல்லியை இடுக்கியால் எடுத்துக்
கிண்ணத்தில் போட்டார். டிங்.
"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றார், ஆறு முறை.
அச்சில் ஒரு பல்லும் உடையவில்லை.
அதைத்தான் முதலில் கேட்டிருந்தார்.

"லேடீஸ் சைஸ் இருக்கா?"
"இது எல்லாருக்கும்கா."
எல்லாருக்கும் என்றால் இடுப்பில்லாதவர்களுக்கு.
கண்ணாடி முன் நிற்கையில்
கவசம் முட்டியில் அழகாக உட்கார்ந்திருக்கிறது.
உட்கார்ந்தால் தொடைக்கு ஏறிக்கொள்கிறது.
நின்றுகொண்டா விழப்போகிறேன்?
விலைச்சீட்டு தொங்கத் தொங்க வெளியே போய்
என் வண்டியில் ஏறி உட்கார்ந்தேன்,
பனிக்குள், ஹேண்டிலைப் பிடித்து, எங்கேயும் போகாமல்.
டாக்ஸி ஸ்டாண்டில் இருவர் டீயை மறந்து பார்த்தார்கள்.
இறங்கி, மாற்றி, மறுபடி ஏறினேன்.
இரண்டு அங்குலம் நீளமானதில்தான்
கவசம் முட்டிக்கு வந்தது.
நடந்தால் தரையைக் கூட்டும். கூட்டட்டும்.

நாலாயிரத்து எண்ணூறு. நூறு குறைத்தான்.
"சாயங்காலம் மேல ஏறும்போது என்ன பண்ணுவீங்க?"
யோசிக்கவில்லை.
கல்லாவுக்கு அடியிலிருந்து
பழைய நாளிதழ் இரண்டு தாள் எடுத்துக் கொடுத்தான்.

அதைப் பையில் வைத்துக்கொண்டு
பேண்ட்டைக் கழற்றாமலே கிளம்பினேன்.
பெட்ஃபோர்டு வரை நாலு நிமிடம்.
மூடுபனி தொடை வழியாக உள்ளே வந்தது,
இந்த முறை கேட்காமல்.
பல் தந்தியடித்தது.
நல்ல பேண்ட்தான்.