மூன்று எழுத்து

மாட்டுங்கா ஈஸ்ட், காப்பிக்கடை, கடைசி மேசை.
பர்ஜோர் மேசையைத் துடைக்கச் சொன்னார்,
பிறகு தன் கைக்குட்டையால் இன்னொரு முறை துடைத்தார்,
சட்னிக் கிண்ணத்தைப்
பக்கத்து மேசைக்கு நாடுகடத்தினார்.
"இப்போது எடுங்கள்."

எடுத்தேன்.
மூணுகண் நண்டு.
அட்டையில் அச்சிட்ட பெயர் வேறு, இங்கிலீஷில், நீளமாக.
ஆன்டாப் ஹில் குவார்ட்டர்ஸ் மாடிப்படியில்
அப்படி யாரும் அதைக் கூப்பிட்டதில்லை.

முதல் பதிப்பு, வெள்ளிப் பளபளப்பு.
அலைக்கு மேல் நிலாவை அச்சிட மறந்துபோன
ஒரே ஒரு பெட்டிச் சரக்கு.
பின்னால் வந்ததிலெல்லாம் நிலா இருக்கிறது,
அதனால் அவற்றை யாரும் சீந்துவதில்லை.
இல்லாத நிலாவுக்குத்தான்
ஆறு லட்சம்.

செல்போன் விளக்கை அட்டைக்குப் பின்னால் பிடித்தார்.
நடுவிலிருந்த கறுப்புத்தாள் வெளிச்சத்தை விழுங்கியது: அசல்.
நகைக்கடை லென்ஸைக் கண்ணில் செருகி
புள்ளி புள்ளியாக நண்டைப் படித்தார்.
நான்கு முனைகளிலும்
காய்ச்சல் பார்ப்பவர் போல் விரலைக் கொண்டுபோனார்,
தொடவில்லை.

"விளையாடியிருக்கிறீர்கள்," என்றார்,
திருடியிருக்கிறீர்கள் என்கிற குரலில்.

ஆமாம். உறை போடாமல். சிமெண்டுத் தரையில்.
ஹார்பர் லைனில் நின்றபடியே, பள்ளிப்பையின் மேல்.
ஒரு மே மாதம் முழுக்க தீபன்ராஜைத் தோற்கடித்தேன்.
அவனுக்கு அம்மை போட்டிருந்தபோது
ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று தோற்கடித்தேன்.
நண்டின் விதி சின்னது:
வெட்டுப்பட்டால் உரியவர் கைக்குத் திரும்பும்.
வெட்டுவான். திரும்பும்.
வெட்டுவான். திரும்பும்.
அழுதுகொண்டே வெட்டுவான்.

பர்ஜோரிடம் ஏற்கெனவே ஒரு நண்டு உண்டு.
பத்துக்குப் பத்து வாங்கியது,
கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கட்டிக்குள் முத்திரையிட்டு
ஃபோர்ட்டில் ஒரு வங்கி லாக்கரில் கிடக்கிறது.
வெளியே திரிகிற நண்டுகளைப் பிடித்து அடைத்தால்
உள்ளே இருப்பதன் விலை ஏறுமாம்.
அதற்கொரு விதி இருப்பதே
நான் சொல்லித்தான் அவருக்குத் தெரியும்.

பின்பக்கம் திருப்பினார். முகம் சுண்டிற்று.

நீல ரெனால்ட்ஸ், அழுத்தி எழுதியது.
எ. ழி. லி.

ஆறு லட்சம்
முப்பத்தெட்டாயிரம் ஆனது.
மனக்கணக்குப் போட்டேன்:
எழுத்துக்கு ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேலே.
பதினொரு வயதில் அவ்வளவு விலையுயர்ந்து எழுதியிருக்கிறேன்.
அதன்பிறகு எழுதிய பரீட்சைகள், விண்ணப்பங்கள்,
கம்பெனிக்கு அனுப்பிய ராஜினாமா,
எதற்கும் சல்லிக்காசு பெயர்ந்ததில்லை.

"என்ன எழுதியிருக்கிறது?"

நான் பொய் சொல்லவில்லை.
"மேகம்."

அவர் மறுபடி முன்பக்கம் திருப்பி
நிலா இல்லாத வானத்தை நெடுநேரம் பார்த்தார்.
"அட," என்றார்,
"நிலா ஏன் தெரியவில்லை என்று
எவனோ காரணம் குறித்துவைத்திருக்கிறான்."
நாற்பதாக்கினார்.

எவனோ.
திருத்த வாயெடுத்தேன்.
ஷிவ்டி அறையின் முன்பணத்துக்கு
குறைந்தது சரியாக நாற்பது.
காப்பியைக் குடித்தேன்.

மெல்லிய உறை, அதன்மேல் கெட்டி உறை,
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று.
மும்பை ஜூலை வெள்ளித்தாளை
அப்பளமாய்ச் சுருட்டிவிடும் என்று
பச்சைக்குழந்தைக்காரி போல் பயப்பட்டார்.
இருபத்திரண்டு ஜூலைகள்
என் பீரோவில், ஜட்டிகளுக்கு அடியில்,
அது சுருளாமல் இருந்ததை
அவரிடம் சொல்லவில்லை.

கிங்ஸ் சர்க்கிளில் ஏறினேன்.
வடாலாவுக்கு முன்னால் வண்டி நின்றது, தண்டவாளத்தில் தண்ணீர்.
பையை இரண்டு தடவை தடவிப் பார்த்திருப்பேன்.
தீபன்ராஜ் இப்போது துபாயில், ஏசி மெக்கானிக்.
மெசேஜ் போட்டேன்: நண்டு வெட்டுப்பட்டது.

உடனே பதில் வந்தது.
எப்ப திரும்பும்?