தட்டில் பதினொன்று

ஒஹாயோ, மார்ச் 1863

நீலத்துணி மேசையின் இருபுறமும் தொங்குகிறது.
கறுப்பர் படையணிக்கான கொடி.
வெள்ளிக்கிழமை ரயிலில் போயாக வேண்டும்.
அடிமை பறித்த பஞ்சு வேண்டாமென்று
நட்சத்திரங்களை லினனில் வெட்டியிருந்தோம்,
முப்பத்து நான்கு.
இருபத்து மூன்று தைத்தாயிற்று.
பிரிந்துபோன பதினொன்றும் தட்டில் கிடக்கின்றன.
யாரும் தொடவில்லை.

சங்கத்தின் குறிப்பேடு என் பொறுப்பு. எழுதினேன்.

திருமதி பென்ஹாலோ:
"பிரிந்த அன்றே அவை செத்தன.
தன் கழுத்தில் தானே சுருக்கிட்டவனுக்கு
எந்தச் சபையில் நாற்காலி?
வெறும் மண் இனி அது. அளந்து
உழுதவர்களுக்குக் கொடுங்கள்,
பிறகு பெயர் வைக்கலாம்."

மெஹிதபெல் ஸ்ட்ராங்:
"தொலையட்டும் என்று பத்து வருஷம் ஜெபித்தவர்கள்தானே நாம்?
சாட்டை பிடித்த கையோடு ஒரே கூரை வேண்டாமென்று
இதே அறையில் கைதூக்கினோம்.
பின்னால் புரட்டிப் பாருங்கள்."

புரட்டினேன்.
என் கையெழுத்துதான்.
தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று.

போதகரின் மனைவி,
மனந்திரும்பும் பிள்ளைகளுக்கு
வாசல் திறந்திருக்கட்டும் என்றார்.
"எந்தப் பிள்ளைகள்?"
கேட்டது அடுப்பருகிலிருந்து.

கெசியா ப்ளெசன்ட்.
சவானா ஆற்று நெல்வயலிலிருந்து
நான்கு குளிர்காலங்களுக்கு முன் வந்தவள்.
இதுவரை குறிப்பேட்டில் அவள் பெயர்
வருகைப் பட்டியலில் மட்டும்.

எழுந்து வந்து தட்டைக் கிளறினாள்,
அரிசியில் கல் பொறுக்குவது போல.
"இதில் ஜார்ஜியா எது?"
எங்களுக்குத் தெரியவில்லை.
எல்லாமே ஒரே அட்டையை வைத்து வெட்டியவை.

"செத்துவிட்டது என்கிறீர்கள்.
என் ரோடா அங்கே உயிரோடு இருக்கிறாள்,
இந்த மாதம் ஒன்பது வயது.
தொலையட்டும் என்றீர்களே,
அவளையும் சேர்த்துத்தான்.
வாசலைத் திறந்தால் எஜமான் முதலில் நுழைவான்,
அவனுக்கு அதுதான் பழக்கம்."

வாய்க்கு வந்த முதல் நட்சத்திரத்தை எடுத்தாள் என்று எழுதி,
அடித்து,
கைக்கு வந்த என்று திருத்தினேன்.
இரட்டை நூல். ஐந்து முனைக்கும்
பல்லால் இழுத்து இறுக்கிய முடிச்சு.
"மற்ற பத்து?" என்றார் திருமதி பென்ஹாலோ.
"அங்கே யாருடைய பிள்ளை என்று
எனக்கெப்படித் தெரியும்," என்றாள்,
அடுப்பருகே திரும்பிப் போனாள்.

தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை.
விளக்கேற்றி, பேசாமல், பத்தையும் தைத்தோம்.
மெஹிதபெலின் தையல் அகலம்,
ஒரு விரல் நுழையும்.
பிரிப்பதற்கு வசதியாகவா,
கண் தெரியாமலா, நான் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ரயில் போன பிறகு
ஊசிகளை எண்ணினேன்.
ஒன்று குறைந்தது.