நிழலை முதலில் அணைத்தேன்

மே மாதம். அம்மாப்பேட்டை. இரவு பத்தேகால்.
திரையில் பனிமலை.
கயிற்றைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறேன்,
தொடை வெந்துகொண்டிருக்கிறது.
மூலையில் சிவப்பு எண்: தொண்ணூற்றேழு.
இன்னும் மூன்று ஏறினால்
உலை வைக்கலாம்.

லேப்டாப் பழசு. ஜவ்வரிசி ஆலையில்
கணக்கெழுதிய ஆறாம் வருடம்
போனஸுக்குப் பதிலாகத் தலையில் கட்டினார்கள்.
பகலில் அதற்கு மூட்டை, ஈரப்பதம், லாரி வாடகை.
இரவில் அது எனக்கு.
களத்தில் மாவு காய
எந்த வெயிலை வேண்டிக்கொள்கிறோமோ
அதே வெயில்தான்
மாடி அறையின் ஆஸ்பெஸ்டாஸில் இறங்கி
விடியும்வரை போக மறுக்கிறது.
ஒரே வெயிலிடம்
இரண்டு மாதிரி பேச முடியவில்லை.

அடியில் இரண்டு தீப்பெட்டி வைத்தேன்.
இட்லித் தட்டைக் கவிழ்த்து வைத்தேன்,
ஓட்டை வழியே காற்று போகும் என்று.
ஈரத்துணி வைத்தேன், பயந்து எடுத்தேன்.
டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு
நான் வியர்த்தேன்.

பிறகு விளையாட்டின் செட்டிங்ஸுக்குள் போனேன்.
நிழலை முதலில் அணைத்தேன். தொண்ணூற்று மூன்று.
ஓடையில் வானம் தெரிவதை நிறுத்தினேன்.
தொண்ணூற்றொன்று.
மரங்களில் இலையைக் குறைத்தேன்,
தூரத்துச் சிகரங்களை மூடுபனிக்குள் தள்ளினேன்,
மூச்சில் வரும் புகையை,
புருவத்தில் படியும் பனியை,
காலடித் தடத்தை.
எண்பத்தாறு.
வெள்ளைத் தாளில் வெட்டி ஒட்டிய பொம்மையாய்
நின்றது என் ஆள்.
மலை போய்விட்டது,
ஏறுவது மட்டும் மிச்சம்.

எழுந்து ஜன்னலுக்கு வந்தேன்.
வடக்கே சேர்வராயன், இருட்டுக்குள் இன்னொரு இருட்டாய்.
ஏற்காடு போகும் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
கொண்டை ஊசி வளைவுகளில்
தொலைந்து தொலைந்து மேலே கிடைத்தது.
அங்கே இந்நேரம் போர்வை தேடுவார்கள்.
கீழே கந்தப்பனின் விசைத்தறி
பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது.

சனிக்கிழமை, நாலு ரோடு.
மாடிப்படிக்கு அடியில் ஷமீனாவின் கடை.
பதினொரு திருகை ஒரு காந்தத்தில் ஒட்டவைத்து
முதுகைத் திறந்தாள்.
"என்னக்கா, உள்ளே தலகாணி தெச்சு வெச்சிருக்கீங்க?"

விசிறிக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவே
கம்பளியாய் இறுகிய பஞ்சு.
இடுக்கியால் முழுசாக உருவி
டியூப்லைட்டுக்கு நேரே காட்டினாள்.
மேலே அரக்கு, இந்த மாதத்துப் பாவு.
அடியில் கிளிப்பச்சை, பொங்கலுக்கு வந்த ஆர்டர்.
இடையே மெல்லிசாய் ஒரு சாம்பல் கோடு,
வெறும் ரோட்டுப் புழுதி.
நூல் விலை ஏறித் தறி நின்ற
பத்தொன்பது நாள் அது.

எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.
அப்போது சத்தமில்லை, நன்றாகத் தூங்கினேன்.
இதுவும் அவ்வளவு சுடவில்லை.
மூன்று சிகரம் ஏறினேன்.
ராசி என்று நினைத்துக்கொண்டேன்.
கம்மலை அடகு வைக்கத் துணைக்கு வரச்சொல்லி
கந்தப்பன் பெண்சாதி படியேறி வந்ததும்
அந்த வாரம்தான்.
நாளைக்குப் போலாம் என்றேன்,
காதில் ஹெட்செட்டோடு.

பழைய பசை சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
புதுசை ஒரு பட்டாணி அளவு வைத்தாள்.
அறுநூறு என்றாள், ஐம்பது குறைத்தாள்.
குப்பைக் கூடைக்குப் போன பஞ்சை
கை நீட்டி வாங்கி பர்ஸில் வைத்தேன்.
எதற்கென்று அவள் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் முழித்திருப்பேன்.

இன்றிரவு எழுபத்திரண்டு.
நிழலை முதலில் ஏற்றினேன்.
பிறகு ஓடை, இலை, மூச்சுப் புகை.
திரும்பிப் பார்த்தேன்.
வந்த வழி முழுக்கக் காலடித் தடம்.

கீழே தறி நிறம் மாறியிருக்கிறது,
படிக்கட்டில் மஞ்சள் தூசி.
ஜன்னலைச் சாத்தினால் நான் வேகிறேன்,
திறந்தால் அது வேகும்.
பாதியில் ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு
கயிற்றைப் பிடிக்கிறேன்.