தையல் மிஷின் சின்னம்

கல்யாண வீடியோ எடுப்பவன் நான்.
இந்தப் பதினாறு நாளும் தேர்தல் வேலைக்குத் தினக்கூலி.
காட்பாடியில் ஏறினால் லத்தேரி, கே.வி.குப்பம், குடியாத்தம் என்று
வேட்பாளர் வண்டிக்குப் பின்னால் ஜீப்பில் போக வேண்டும்,
கண்ணில் படுவதையெல்லாம் எடுக்க வேண்டும்.
பக்கத்தில் கூட்டுறவுத் துறையின் சம்பந்தம் சார்
மடியில் விலைப்பட்டியலை விரித்து வைத்திருப்பார்.
நாற்காலி ஏழு ரூபாய். சால்வை நூற்றிருபது.
ஆளுயர மாலை ரோஜா என்றால் ஒரு விலை,
சம்பங்கி என்றால் ஒரு விலை.
சரவெடி, நீளத்தைப் பொறுத்து.

இது சின்னக் கட்சி.
சரவெடி ஆறு வினாடியில் முடிந்துவிடும்.
மாலை, ஊருக்கு ஊர் அதே மாலை.
சார் மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தார்;
வாடிய ஒரு சரத்தை அடையாளம் வைத்து
ஒன்பது மாலையை ஒன்றாகத் திருத்தினார்.

ஆனால் ஆட்கள்!
பேரணாம்பட்டில் பீடி சுற்றும் சாபிரா
முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டே சந்து முனைக்கு ஓடிவந்தாள்.
எங்கள் ஜீப்பையும் கட்சி வண்டி என்று நினைத்துக் கையசைத்தாள்,
நானும் பதிலுக்கு அசைத்துவிட்டேன்.
பதிவாகியிருக்கிறது, என் விரல்நுனி மட்டும்.
ஷிப்டு முடிந்த தோல் ஷாப் பையன்கள்
காலில் நீலச்சாயம் காயாமல் கூடவே வந்தார்கள்,
தார் உருகும் வெயிலில், ஒன்றரை கிலோமீட்டர்.
"எவ்ளோ குடுத்தாங்க?" என்று சார் கேட்டார்.
"நாங்கதான் டீசலுக்குக் குடுத்துக்கீறோம்."
சார் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார்.

கஜபதியைக் குடியாத்தத்தில் பார்த்தோம்.
மற்றவர்கள் சின்னத்தை
அட்டையில் வெட்டி, துணியில் வரைந்து பிடித்திருக்க
இவர் நிஜ மிஷினையே, கால்மிதியோடு,
மினி லாரியில் ஏற்றிக் கயிறு கட்டியிருந்தார்.
"வாடகை எவ்வளவு?"
"வாடகையா? எம் பொஞ்சாதிது சார்.
தூங்கிக்கினு இருந்தா, தூக்கியாந்துட்டேன்."

பட்டியலில் ஜெனரேட்டர் இருக்கிறது,
பொய்க்கால் குதிரை இருக்கிறது,
தையல் மிஷின் இல்லை.

கவுண்டன்யா ஆற்றுப் பாலத்தில்
ஷேர் ஆட்டோவிலிருந்து குறுக்கே இறங்கினாள் தேசம்மா.
கையில் மஞ்சள் பை.
கஜபதி அவளைக் கும்பிட்டார்.
மைக்கில் யாரோ, விவரம் தெரியாமல், "தாய்மார்களே" என்றார்கள்.
அவள் யாரையும் பார்க்கவில்லை.
பின்பலகையைப் பிடித்து ஏறினாள்,
கொடிக்கட்டை ஒன்றை முக்காலியாக்கி உட்கார்ந்தாள்,
அரக்கு ரவிக்கையை எடுத்து ஊசிக்கடியில் வைத்தாள்.
விடிந்தால் முகூர்த்தம். இன்னும் கை வைக்கவில்லை.
(எனக்கும் அந்த முகூர்த்தத்தில் ஒரு புக்கிங் போயிருந்தது.)

வண்டி நகர்ந்தது. அவள் மிதித்தாள்.
அப்போது எழுந்த சத்தத்தை
பதினாறு நாளில் நான் வேறெங்கும் கேட்கவில்லை.
லுங்கித் தறிக்காரர்கள் தெருவுக்கே வந்துவிட்டார்கள்,
மாடியிலிருந்து பூ விழுந்தது,
அதை ரவிக்கையிலிருந்து ஊதித் தள்ளினாள்.
வேட்பாளரே குனிந்து, நகர்ந்து,
அவளுக்கு வெளிச்சம் விட்டார்.
"மெதுவா ஓட்டுடா, தையல் கோணுது!"
அவள் பேசியது அவ்வளவுதான், டிரைவரிடம்.
கூட்டம் கைதட்டியது. விசில் வேறு.

இரவு தாலுகா அலுவலகத்தில் போட்டுப் பார்த்தோம்.
பேச்சு முழுக்க இரைச்சலில் போயிற்று,
மிஷின் மட்டும் கடகடவென்று துல்லியம்.
கணக்கு அதிகாரி படத்தை நிறுத்தினார்.
"இந்த அம்மாவுக்கு என்ன கூலி?"
"இருநூற்றைம்பது," என்றார் சம்பந்தம் சார்.
"கொடுத்தது பொண்ணு வீடு."

அதிகாரி கொட்டாவி விட்டார்.
பேனாவைக் காதில் செருகிக்கொண்டு
ரெண்டு கையும் தைத்து முடித்தாளா என்று கேட்டார்.
இரண்டாவது கை கேமராவில் இல்லை.
சார்ஜ் தீர்ந்துவிட்டது.