ஓடு

மழைக்கு முந்திய கடைசி வாரம்.
பதினேழாம் குழிக்குள் நெரெய்தா
முழங்கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறாள்.
விளிம்பில் மேய வந்த பசுவை
எலியோதோரோ கல் வீசி விரட்டுகிறான்.
மூன்றடி தள்ளிப் போய் அது
அளவுக்குக் கட்டிய நூலை மெல்லத் தொடங்குகிறது.

இந்தக் கடல்முனையில் ஸ்பானியர்கள்
நாலு வருஷம் இருந்தார்கள்.
கணக்கேடு செவில்யாவில், நகல் அவள் கைபேசியில்:
கூரை ஓடு ஆயிரத்து இருநூறு,
வழியில் உடைந்தது அறுபது.
கொல்லன் ஒருவன். பீப்பாய் செய்பவர் இருவர்.
ஆக ஆண்கள் நாற்பத்தொன்று.
பன்றி எட்டு, அதில் சினை மூன்று.

பன்றியின் வயிறுவரை எண்ணிய கை
பெண் என்று ஒருதரம்கூட எழுதவில்லை.

முதல் மாதம் கிடைத்ததெல்லாம் ஏட்டோடு ஒத்துப்போனது.
கூரை ஓடுகள், செங்காவி நிறம்,
ஒன்றில் ஈரம் காயுமுன் நாய் மிதித்த தடம்.
பச்சை மெருகிட்ட எண்ணெய்ச் சாடியின் கழுத்து.
ஈயக் குண்டு.
வேட்டைப் பருந்தின் காலில் கட்டும் சிறுமணி,
குலுக்கினால் மண் மட்டும் உதிர்ந்தது.
பேராசிரியர் உர்ரூத்தியா அன்றிரவே
மாட்ரிட்டுக்குப் படங்கள் அனுப்பினார்.
தெருவைப் பார்த்த பக்கம் முழுக்க
ஸ்பெயினாகத்தான் இருந்தது.

பிறகு கொல்லைப்புறம் வந்தது.

சாம்பல். நண்டுக்கால்.
சங்கின் ஓடு, நுனியில் துளையிட்டுச்
சதையை உருவிக்கொண்டு எறிந்தவை,
எண்ணி மாளவில்லை.
ஆமையோடு.
நேற்று மாலை, நாற்பது சென்டிமீட்டர் ஆழத்தில்,
இரண்டு விரல் தடிமனில்
தட்டையாய், கருத்து, அரைவட்டமாய் ஒரு மண் ஓடு.
மேலே வழவழப்பு. அடியில் புகை.

புத்தகத்தைப் புரட்டாமலே அவளுக்குத் தெரிந்தது.
மரவள்ளி ரொட்டி சுடுவது.
அவள் வீட்டில் அது இரும்பு,
தார்ப் பீப்பாயின் மூடியை வெட்டியது.
மற்றபடி இதேதான்.

கசப்பு மரவள்ளியைத் துருவ வேண்டும்,
பிழிந்து நஞ்சை இறக்க வேண்டும்,
மாவைக் காயவிட்டுச் சலிக்க வேண்டும்.
அவசரப்பட்டவன் அன்றைக்கே செத்தான்.
அவர்களே கற்றுக்கொண்டிருக்கலாமே என்று
பேராசிரியர் ஒரு பேச்சுக்குச் சொன்னார்.
யார், பீப்பாய் செய்கிறவனா,
என்றான் எலியோதோரோ.

முழுப் பூசணியைச் சோற்றில் மறைக்கலாம்.
சோறாக்கியவளை எதில் மறைப்பது?

மூன்றாம் வருஷத்துப் பக்கம், வேறொரு கையெழுத்து:
இரவில் ஓடினார்கள். அடுப்பு அணைந்து கிடக்கிறது.
அவ்வளவுதான். யார் என்று இல்லை.
அந்த மொழியின் வினைச்சொல்
ஓடுகிறவர் ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.
சிப்பாய்கள் என்றே இதுவரை
எல்லோரும் வாசித்தார்கள், நெரெய்தாவும்.
அடுப்பைப் பற்றி ஏன் எழுதினான் என்று
யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கப்புறம் எண்கள் இறங்குகின்றன.
முப்பத்து மூன்று. இருபது.
பன்னிரண்டு.
பன்றிகளைப் பற்றிப் பேச்சே இல்லை.
ஓர் இடத்தில், தோல் வார் வேகவைத்தோம்.

ஓட்டின் மறுபாதியைச் சுற்றிலும் தேடியாயிற்று.
மூன்று மீட்டருக்குள் இல்லை.
போகிறபோது போட்டு உடைத்தார்களா,
பாதி போதுமென்று மலைக்குத் தூக்கிப் போனார்களா,
போன நூற்றாண்டில் ஏதோ ஒரு மாடு மிதித்ததா?
மாடாகவும் இருக்கலாம்.
இங்கே மாடுகள் அப்படி.

படிவத்தில் எழுதுகிறாள். பொருள்: ஓடு.
பயன்படுத்தியவர் என்ற கட்டத்தில்
பேனா கொஞ்ச நேரம் நிற்கிறது.
அச்சடித்த விடைகள் இரண்டு,
குடியேறியவர், தெரியவில்லை.
இரண்டையும் அடித்துவிட்டு
ஓரத்தில் சின்னதாக
சமைத்தவள் என்று எழுதி
ஒருமையா பன்மையா என்று யோசித்து
கள் சேர்க்கிறாள்.

கடல் கருத்துவிட்டது. முதல் துளிகள்
சாம்பலில் குழி போடுகின்றன.
தார்ப்பாய் காற்றில் பிடுங்கிக்கொள்ள
எலியோதோரோ மேட்டிலிருந்து கத்துகிறான்,
விட்டுவிட்டு ஓடு, ஓடு.

அவள் இன்னும் அளக்கிறாள்.
குறுக்கே இருபத்தாறு சென்டிமீட்டர்.
விளிம்பு ஒரு பக்கம்
லேசாகத் தேய்ந்திருக்கிறது.