மூன்றாம் கவுண்டர்

ரவுண்டானா தாண்டி பெங்களூர் ரோட்டில்
இடப்பக்கம் இருக்கிற கடை.
மூன்றாம் கவுண்டரில் நான்.
நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை,
திரையில் ஏறும் தொகையைப் பார்க்கிறீர்கள்.
நான் உங்கள் உதடுகளைப் பார்க்கிறேன்.
சத்தமில்லாமல் கூட்டிக்கொண்டே வருகின்றன,
என் எந்திரத்துக்கு ஒரு பொருள் முன்னதாக.

உங்களை எனக்குத் தெரியும்.
அடுக்கின் பின்வரிசைவரை கையை விட்டு
பழைய விலை அச்சிட்ட துவரம்பருப்பைத்
துழாவி எடுப்பவர் நீங்கள்.
பெரிய பாக்கெட்டில் லாபம் என்று போர்டு தொங்க,
அதன் கீழேயே நின்று
பத்து ரூபாய்ச் சோப்புத்தூளில் ஏழை எண்ணி எடுப்பவர்.
கிராமுக்கு என்ன விலை என்று
இரண்டு நாள் கழித்து நானும் போட்டுப் பார்த்தேன்.
நீங்கள்தான் சரி.
எண்ணெய் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து
இரவு முழுக்கத் தூக்கின் மேல் கவிழ்த்து வைப்பீர்கள்.
அதைப் பார்த்ததில்லை.
நானும் அப்படித்தான்.

இன்றைக்குத் தக்காளி இங்கே வாங்காதீர்கள் என்று சொல்ல
எனக்கு அனுமதியில்லை.
ராயக்கோட்டை மண்டியில் பெட்டி என்ன விலைக்குப் போச்சு என்று
காலையில் பஸ்ஸிலேயே கேட்டுவிட்டேன்.
எடை போடும்போது லேசாக முகம் சுளிக்கிறேன்.
புரிந்தவர்கள் பாதியை எடுத்துவிடுகிறார்கள்.
புரியாதவர்கள்
இந்தப் பொண்ணுக்கு என்ன திமிர் என்கிறார்கள்.

"இத எடுத்துருங்க."
பின்னால் நிற்பவருக்குக் கேட்காத குரலில்தான்
எல்லோரும் அதைச் சொல்கிறார்கள்.
நெய்தான் முதலில் போகும்.
பிறகு முந்திரி.
பிறகு தலைக்குப் போடும் சாயம்.
பிள்ளையின் பிஸ்கட் கடைசிவரை போகாது.
ஷேவிங் கிரீமை எடுக்கச் சொன்ன ஒருவர்
தாடையைத் தடவிக்கொண்டு
"சோப்பே போதும்மா" என்றார்,
நான் எதுவும் கேட்காமலே.

இரவு ஷட்டர் பாதி இறங்கியதும்
அதையெல்லாம் அடுக்கில் திருப்பி வைப்பது என் வேலை.
தினமும் ஒரு கூடை.
சம்பளத்துக்கு முந்தின வாரம் இரண்டு.

கிழிந்தது, நசுங்கினது, எலி கடித்தது
எங்களுக்குப் பாதி விலை.
சூப்பர்வைசர் திம்மராஜ்
நோட்டில் 'சேதம்' என்று எழுதுவார்.
எதிரில் என் பெயரை எழுதுவார்.
என் வீட்டு உளுந்து, ரவை, சோப்பு டப்பா
எல்லாவற்றிலும் ஒரு மூலை செல்லோடேப்.

போன வியாழக்கிழமை
கூடையில் கால்கிலோ முந்திரி.
மறுநாள் மகளுக்குப் பிறந்தநாள்.
பாயசம் வேணும், முந்திரி மிதக்கணும் என்றிருந்தாள்.
கட்டைவிரல் நகம்
பாக்கெட்டின் ஒட்டில் போய் நின்றது.
எலி செய்தால் பாதி விலை.
நான் செய்தால் வேலை போகும்.
பின்கழுத்தில் கேமரா ஊர்கிற மாதிரி இருந்தது.
நகத்தை எடுத்துவிட்டேன்.
நல்லவள் என்பதால் அல்ல,
அழுத்தித்தான் பார்த்தேன்.
பிளாஸ்டிக் தடிமன்.

காவேரிப்பட்டணம் போகிற தனியார் பஸ்
காலியாக வந்து ஹாரன் அடித்தது.
கையை நீட்டவில்லை.
அரசு டவுன் பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் இல்லை,
முக்கால் மணி நேரம் மட்டும் ஆகும்.
அந்த வாரம் முழுக்க அப்படியே நின்றதில்
பர்ஸின் உள்ஜிப்பில் அறுபது ரூபாய் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம்
சாப்பாட்டு நேரத்தில் பழைய பேட்டைக்கு ஓடி
உடைத்த முந்திரி வாங்கினேன்.
முழுசுக்கும் உடைசலுக்கும்
நெய்யில் விழுந்தால் ஒரே வாசம்.
போதாததற்கு வேர்க்கடலையைத் தோல் நீக்கி
இரண்டாகப் பிளந்து சேர்த்து வறுத்தேன்.

டம்ளரை வாங்கியவள் குடிக்கவில்லை.
உள்ளே எட்டிப் பார்த்தாள்.
உதடுகள் அசைந்தன,
சத்தமில்லாமல்.
நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பதினாலு முந்திரிம்மா" என்றாள்,
கடலையையும் சேர்த்து.