முழங்காலால் கேட்பவள்

நாலே முக்காலுக்கு வண்டியை நிறுத்தியதும்
என் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தைப் பிடுங்கி
இருக்கைக்கு அடியில் போட்டாள் வெர்லீன்.
பெல்ட் கொக்கியையும் பார்த்தாள்.
போனால் போகிறதென்று விட்டுவிட்டாள்.

அலுமினியக் கனூ.
அதன் தரையில், அவள் அக்கா வீட்டில் கிழித்தெறிந்த
கம்பளத்தின் ஒரு துண்டு, காப்பிக் கறையோடு.
தூண்டில் பெட்டிக்குத் துவாலை.
குறடுக்கு என் பழைய காலுறை.
நங்கூரமும் சங்கிலியும் கரையிலேயே இருக்கும்,
கூட வர அவற்றுக்கு அனுமதி இல்லை.

எட்டு மாதக் குழந்தையாய் இருந்தபோது
ஒரு காய்ச்சல், காதை எடுத்துக்கொண்டு இறங்கியது.
நான் மரலாரி ஓட்டுகிறவன்.
முப்பது வருட எஞ்சினுக்குப் பிறகு எனக்கும் பாதிதான் மிச்சம்.
ஆனாலும் எங்கள் இருவரில்
கேட்கத் தெரிந்தவன் நான்தான் என்று
நெடுநாள் நினைத்திருந்தேன்.

முன்னால் நான், பின்னால் அவள்.
அவள் கைகள் பேசுவது என் முதுகுக்குத் தெரியாது.
ஆகையால் படகு பேசுகிறது.
வலது முழங்காலால் ஓர் அழுத்து: நில்.
இரண்டு அழுத்து: இடப்பக்கம் வீசு.
நீளமாய் ஒரு சாய்வு:
முட்டாளே, உன் நிழல் தண்ணீரில் விழுகிறது.
நான் முதுகுக்குப் பின்னால் விரல் காட்டிப் பதில் சொல்வேன்.
எல்லா விரலும் மரியாதையானவை அல்ல.

துடுப்பை அவள் வெளியே எடுப்பதில்லை.
நீருக்குள்ளேயே அலகைத் திருப்பி
வெண்ணெயில் கத்திபோல் முன்னே செருகி
மறுபடி இழுக்கிறாள்.
ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு, விழுவதில்லை.
பெல்ஃப்ளூர் ஏரியின் சைப்ரஸ் மரங்கள்
தாடியைத் தொங்கவிட்டபடி
தாமாக நடந்து வந்து எங்களைக் கடந்து போகின்றன.

தூரத்தில் டெல்மரின் படகு,
இருநூற்றைம்பது குதிரைகள்.
அவன் கையசைத்துவிட்டுப் போன அலை
நெடுநேரம் கழித்து வந்து எங்களைத் தூக்கி இறக்கியது.
வெர்லீன் கண்ணை மூடிக்கொண்டாள்,
பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் உடைப்பதுபோல.

பாஸ் மீனுக்கும் காது வெளியே இல்லை.
விலாவில் ஒரு கோடு. அதனால்தான் கேட்கிறது.
மேலே அவள், கீழே அது,
நடுவில் நான்,
தலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டவைத்த
இந்த மடல்களோடு.

இரண்டு அழுத்து.
வீசினேன். அல்லி இலைமேல் இறங்கியது தவளை.
தன் வாயால் கெடுவது தவளையின் வழக்கம்;
என்னுடையது ரப்பர், அதற்கு வாயில்லை.
மெல்ல இழுத்தேன். நிறுத்தினேன். இழுத்தேன்.
அதன் பின்னால் இலைகள்
ஒன்றை அடுத்து ஒன்றாய் முதுகு நிமிர்த்தின.
அடியில் ஏதோ வந்துகொண்டிருந்தது,
அவசரமே இல்லாமல்,
வீட்டுக்காரன்போல.

கத்திவிட்டேன்.
அது அவளுக்கும் கேட்காது, கீழே மீனுக்கும் எட்டியிராது.
ஆனால் கத்துகிறவன் சும்மா கத்துவானா?
காலை உதைத்தான்.
கம்பளம் முடிகிற இடத்தில், சரியாக அங்கே,
பூட்ஸின் குதி.

இலைகள் படுத்துக்கொண்டன.

நீளமான சாய்வுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.
திரும்பிப் பார்த்தால்
அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.
சிரிப்பு, வாயை இறுக்கிப் பொத்திய சிரிப்பு.
அது பலகை வழியாக என் இருக்கைக்கும் வந்தது.

பிறகு அவளே ஒன்று பிடித்தாள், இரண்டு பவுண்டு இருக்கும்.
கட்டைவிரலைத் தாடைக்குள் விட்டு
ஈரம் காயுமுன் நீரில் தாழ்த்தினாள்.
விடும் முன் என் கையை எடுத்து
கனூவின் பக்கவாட்டில் பதித்து வைத்தாள்.
வால் ஒருமுறை அடித்து மறைந்தது.
தெரிந்ததா, என்று புருவம்.
தெரிந்தது என்றேன்.
பொய்தான்.

கரையேறினோம்.
கனூவை லாரியில் ஏற்றிக் கட்டியானதும்
தன் பக்கத்துக் கதவை அவள் சாத்தினாள்,
வழக்கம்போல்,
உலகத்தில் கதவு என்பது ஒன்றே ஒன்றுதான்
அதையும் இன்றோடு மூடியாக வேண்டும் என்பதுபோல்.

அக்கரையில் கொக்குகள் மொத்தமும் எழுந்தன.
கண்ணாடிக்கு அப்பால் வெள்ளை வெள்ளையாய்.
என் தோளைத் தட்டி, பார், எத்தனை அழகு என்றாள் கையால்.
யார் விரட்டியிருப்பார்கள், என்றும் கேட்டாள்.

உதட்டைப் பிதுக்கிவிட்டு
இருக்கைக்கு அடியில்
சாவியைத் தேடினேன்.